நீலாவதி பெஞ்சுக்கு அடியில் ஒரு டின்

பொதுப்பணித் துறை ஸ்டோரில் சாவிக்கொத்து வைத்திருந்தவன் நான். பூட்டிய பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் படி இறங்க மாட்டேன். யாரையும் லேசில் நம்புகிற ஆளும் இல்லை. அப்படிப்பட்டவன் தினமும் காலையில் போய் உட்கார்ந்தது கதவே இல்லாத ஒரு கடையில்.

எங்கள் தீவில், டெலானிபூர் ஏற்றத்தில், பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி நீலாவதியின் இட்லிக் கடை. நாலு மரக்கால், தகரக் கூரை, நீளமாக ஒரு பெஞ்சு. அவள் ராமநாதபுரத்துக்காரி. புருஷன் காட்டிலாகாவில் மரம் வெட்டப் போய், சாய்ந்த மரத்துக்கு அடியில் சிக்கி இறந்தார். அடுத்த கப்பலிலேயே கிளம்பி வரச் சொல்லி சொந்தக்காரர்கள் தந்தி அடித்தார்கள். “ஊர்ல மட்டும் மரம் இல்லையாக்கும்” என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினாள்.

இட்லி விற்றதோடு அவள் இன்னொரு வேலையும் செய்தாள். அதற்குக் கூலி கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருக்கிறவர்கள் இங்கே யாருக்காவது சாமான் அனுப்ப வேண்டுமென்றால், கப்பல் ஏறுகிற யாரோ ஒருவர் கையில் கொடுத்து, “டெலானிபூர் நீலாவதி கடையில போட்டுடுங்க” என்பார்கள். குவார்ட்டர்ஸைத் தேடி மேட்டில் ஏற எந்தப் பிரயாணிக்குப் பொறுமை உண்டு? அதனால் யாருக்கு வந்த மூட்டையானாலும் மேலே அவள் பெயர்தான் பெரிதாக இருக்கும். மூலையில் எங்காவது உரியவரின் பெயர் பொடியாக இருக்கும். அவள் எல்லாவற்றையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைப்பாள். உரியவர் வந்து எடுத்துப் போவார். உள்ளே என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை மூண்டது. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். அகதிகளோடு அகதிகளாக நாசவேலைக்காரர்கள் கப்பலில் வருகிறார்களாம், துறைமுக ஜெட்டியில் குண்டு வைக்கப் போகிறார்களாம் என்று பேச்சு கிளம்பியது. யார் சொன்னது என்று கேட்டால் எல்லோருக்கும் இன்னொருவர் சொன்னதாகத்தான் இருக்கும். எதிர் குவார்ட்டர்ஸ் ஜெகநாதன் வாசலில் கண்ணாடி வைத்துச் சவரம் செய்தால், விமானத்துக்குச் சைகை காட்டுகிறானோ என்று நான் மறைந்து நின்று பார்த்தேன். அவன் என் ரேடியோவை அதே மாதிரி ஒட்டுக்கேட்டான்.

காண்ட்ராக்டர் பக்தவத்சலம் ஒரு பாதுகாப்புக் கமிட்டி போட்டு, தானே தலைவரானார். முதல் கூட்டத்திலேயே கேட்டார்: “ஒரு பொம்பள பேருக்கு எதுக்குய்யா கப்பல் கப்பலா மூட்டை வருது?” வருஷக்கணக்காக அந்த பெஞ்சில் மூட்டை எடுத்த எங்களுக்கே அது சந்தேகமாகத்தான் பட்டது. பயம் வந்தால் புத்தி அப்படித்தான் போகிறது.

அந்தச் சமயத்தில்தான் கல்கத்தா கப்பலில் வந்த ஒரு வாலிபன் ஈயம் வைத்து அடைத்த டின் ஒன்றைக் கொடுத்தான். வடக்கே ரங்கத் என்ற ஊரிலிருந்து நிதாய் என்பவர் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனையும் தெரியாது, நிதாயையும் தெரியாது. நீலாவதி வாங்கி வைத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் கப்பல் வந்த மறுநாள் காலை கமிட்டி கடைக்கு வந்தது. சாமான்களை எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும், இனி எப்போதும் அதுதான் முறை, இல்லையென்றால் கடை பந்த் என்றார் பக்தவத்சலம்.

“டீக் ஹை. என் பேருல வந்தது, நானே பிரிக்கிறேன். வெடிச்சாலும் வெடிக்கும், தள்ளி நில்லுங்க” என்றாள். நாங்கள் நன்றாகவே தள்ளி நின்றோம்.

முதல் மூட்டை, மீன் பிடிக்கிற ஜேசுதாசன் மனைவி சிசிலியாவுக்கு. தூத்துக்குடியிலிருந்து வந்தது. உள்ளே மடித்த பழைய சேலை ஒன்று, அதன் மேல் ஒரு ஜெபமாலை. கூட்டத்தில் நின்ற சிசிலியா அதைப் பார்த்தாள்.

“அம்மா கழுத்த விட்டு இதக் கழட்டவே மாட்டாவளே” என்றாள். பிறகுதான் அவளுக்கே புரிந்தது. நடுரோட்டில், கமிட்டி முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

நீலாவதி சேலையைப் பழையபடி மடித்து அவள் மடியில் வைத்தாள். அடுத்த மூட்டையை எடுத்தபோது பக்தவத்சலம் பாய்ந்து வந்தார்.

“அது என்னுது. அத விட்டுடு.”

“குண்டு இருந்தா அண்ணே?”

“நான் கமிட்டி தலைவர். வெளையாடுறியா?”

அவள் பிரிக்காமலே அதை அவர் கையில் கொடுத்தாள். “இனி எவருதையும் பிரிக்கமாட்டேன்.”

“அந்த வங்காளி டின்னையாவது பிரி. அது வெடிச்சா?”

“வெடிச்சா முதல்ல நான் போவேன். கப்பல் ஏறுனப்ப முங்காதுன்னு எவரு எழுதிக் குடுத்தா? காட்டுக்குப் போன மனுசன் வந்துருவாருன்னு எவரு சொன்னா? ஒருத்தர் மடிய ஒருத்தர் தடவிப் பாத்துக்கிட்டே கெடக்கணும்னா, எதுக்குண்ணே கடல் தாண்டி வந்தோம்? போலீசைக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. கடை திறந்துதான் இருக்கும்.”

டின்னைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, மாவைக் கரைக்கப் போனாள். பக்தவத்சலம் தன் மூட்டையை வேட்டியால் மூடிக்கொண்டு மேட்டில் ஏறினார். போலீஸ் யாரும் வரவில்லை.

அதன் பிறகு அந்த பெஞ்சில் ஈ காக்கை உட்காரவில்லை. வாங்குகிற ஒன்றிரண்டு பேரும் இலையை ஏந்திக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று தின்றார்கள். இட்லி மிஞ்சியது. நீலாவதி தானே டின்னுக்கு நேர் மேலே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ஒரு காலையில் சிசிலியா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வீரம் கிடையாது, பசி உண்டு. நானும் ஓரமாக உட்கார்ந்தேன். குதிகாலில் டின் பட்டது. ஜில்லென்று இருந்தது. அன்று எத்தனை இட்லி தின்றேன், சட்னி எப்படி இருந்தது, எதுவும் தெரியாது.

சண்டை ஓய்ந்தபின் ரங்கத் படகில் நிதாய் வந்தார். லுங்கி கட்டிய மெலிந்த மனிதர், கையில் ஒரு வாழைத்தார். “தீதி, மேரா டின்?” என்று தன் டின்னைக் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். உருவத்துக்குக் கனம் அதிகம்தான். என்ன இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். நீலாவதி கரண்டியும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாய்க்கு டீ கேட்டேன்.

டின் பஸ் ஏறிப் போய்விட்டது. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு அரிக்கிறது.

அடுத்த மெட்ராஸ் கப்பலில் எனக்கு ஒரு மூட்டை வந்தது. பெட்ஷீட்டில் சுற்றி, சணல் போட்டு இறுக்கி, மேலே அவள் பெயர் பெரிதாக. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியவேண்டியதில்லை. நீலாவதி பெஞ்சுக்கு அடியில் குனிந்து அதை எடுத்தாள், தூசி தட்டினாள், ஒரு வார்த்தை கேட்காமல் என் கையில் கொடுத்தாள்.