கோட்டை மாதிரி ஒரு ஹால்

என் மகன் கம்பெனி வேலையாக ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்தான். அங்கே ஒரு பழைய கோட்டையைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். வந்ததிலிருந்து அதே பேச்சுதான். சாப்பிடும்போதுகூடக் கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான். கருங்கல் சுவர், இரும்புச் சங்கிலியில் தொங்கும் விளக்கு, ஊரே உட்காரலாம் போல ஒரு நீட்டு மேசை.

"நம்ம ஹாலையும் இப்படிச் செஞ்சிடலாம்பா. கிறிஸ்மஸ் ஓப்பன் ஹவுஸுக்கு, விருந்து சாப்பிட வர்றவங்க அசந்துடணும்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரயில்வேல சுத்தியல் தூக்கினவன் மவன் கோட்டை கட்டப் போறானாம்! கட்டு, கட்டு. குதிரையை எங்கடா கட்டுவே? போர்ச்லயா?"

"குதிரைக்குப் பதிலா உங்க மோட்டார் சைக்கிளை நிப்பாட்டிக்கலாம் லா."

அப்படிச் சிரித்துப் பேசித்தான் முடிவானது. அவர் அப்போதே சில நேரம் சொன்னதையே திருப்பிச் சொல்வார். கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தோம் என்று நின்றுகொண்டிருப்பார். வயசுதானே என்று நாங்கள் நினைத்தோம். எனக்கும் அடுப்படிக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று மறந்துவிடுகிறதே.

எங்கள் வீடு கிள்ளானில், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டின தெரசு வீடு. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டு வந்தபோது வாங்கியது. அதன் ஹால் எப்போதும் இளம்பச்சைதான். அவரே வருசா வருசம் பெயின்ட் அடிப்பார். வாசலுக்கு நேரே திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே சிவப்பு பல்பு, பக்கத்தில் சீனர் மளிகைக்கடை காலண்டர். ஜன்னல் ஓரம் வயர் பின்னிய சாய்வு நாற்காலி. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வயர் குழிந்து போயிருந்தது.

பூச்சோங்கிலிருந்து வந்த கான்ட்ராக்டர் நல்ல பையன். சுவரெல்லாம் கல் மாதிரிப் பலகைகளை ஒட்டினான். தூரத்தில் பார்த்தால் அசல் கருங்கல், தட்டினால் டொக் டொக் என்று வெறும் அட்டைச் சத்தம். மேலே பழைய மர உத்திரம் போல பிளாஸ்டிக்கில் வைத்தான். டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு, மெழுகுவர்த்தி வடிவ பல்புகள் கொண்ட இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டான். ஜன்னலுக்குக் கருஞ்சிவப்பு வெல்வெட் திரை. சுவரில் ஒரு கேடயம், இரண்டு கத்தி. நீட்டு மேசையும் பெஞ்சுகளும் வந்ததில் சாய்வு நாற்காலிக்கு இடமில்லை. அது பழைய சாமான் லோரியில் போனது. ஆண்டவர் படத்தை மருமகள் பத்திரமாக மாடிக்குக் கொண்டு போனாள்.

"அம்மா, இனிமே நீங்க ராணி லா," என்றான் கான்ட்ராக்டர். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் ஹால் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் கீழே இறங்கி வந்து சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். சுவிட்சைத் தேடுகிறார். அது பலகைக்குள் போய்விட்டது, புது சுவிட்ச் கதவோரம் இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டினேன். "ஓ" என்றார். அடுத்த நாளும் அதே இடத்தைத் தடவினார். அதற்கடுத்த நாளும்.

பிறகு ஒரு சாயங்காலம், பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"போதும், கெளம்புவோமா? எவ்ளோ நேரம் இவங்க வீட்ல உட்கார்ந்திருக்கிறது?"

"எங்க போறது? இது நம்ம வீடுதாங்க."

என்னைப் பாவமாகப் பார்த்தார், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது போல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சத்தமா சொல்லாதே. வீட்டுக்காரங்க காதுல விழுந்துடப் போவுது," என்றார்.

மகனிடம் சொன்னேன். "அப்பா ஜோக் அடிக்கிறாருமா," என்றான். எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிற மனிதர்தானே, அதனால் யாரும் பயப்படவில்லை. "என்ன ராஜா, கோட்டை பிடிக்கலியா?" என்று மகன் கேட்பான். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் சிரிப்பு விருந்துக்குப் போன இடத்தில் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அது தெரிந்தது. அவர் செருப்பைக் கிளம்பத் தோதாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார். குளிர்பெட்டியைத் திறக்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் நான் வரும்வரை காத்திருப்பார். ஒரு நாள், "பாத்ரூம் எந்தப் பக்கம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்," என்றார். யாரிடம் போய்க் கேட்பேன்? அடுப்படிவரை போய்த் திரும்பி வந்து, "இந்தப் பக்கமாம்," என்றேன்.

அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது. அதையே பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் இருக்கிறவரை அவர் எப்படியும் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

கிறிஸ்மஸ் வந்தது. மகனின் ஆபீஸ் ஆட்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் வந்தார்கள். கத்தியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அவர் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கோழிக்கறி வைக்கக் குனிந்தபோது காதில் கேட்டார்:

"கையில ஏதாச்சும் கொண்டாந்தோமா நாம? கேக்கு கீக்கு?"

"கொண்டாந்தோம்," என்றேன். வேறென்ன சொல்ல?

கூட்டம் கலைந்தபோது அவரும் எழுந்தார். வரிசையில் நின்று மகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தேங்க்ஸ் பாஸ். சாப்பாடு ஃபர்ஸ்ட் கிளாஸ்." எல்லாரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளி கேட் வரைக்கும் போய்விட்டார். அங்கே காரை எடுக்கப் போன ஒரு தமிழ்ப் பையனை நிறுத்தினார்.

"தம்பி, என்னை வீட்ல எறக்கி விட்டுடறியா?"

"ஏறுங்க அங்கிள். வீடு எங்க?"

அவர் எங்கள் குடியிருப்புத் தாமானின் பெயர், ரோடு, வீட்டு நம்பர் எல்லாம் தவறாமல் சொன்னார். பையன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து எங்கள் கேட்டில் இருந்த நம்பரைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. என் பின்னால் மகன் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

அவரை டாக்டரிடம் கூட்டிப் போனோம். டாக்டர், இது வெகு நாளாக உள்ளே இருந்த வியாதி, வீட்டை மாற்றியதால் வந்ததில்லை என்றார். ஆனால் இப்படிப்பட்டவர்களுக்குப் பழகிய பொருள் பழகிய இடத்தில் இருப்பதுதான் பிடிமானம், முடிந்தவரை பழையபடி வையுங்கள் என்றும் சொன்னார். மகன் தானே உட்கார்ந்து அந்தப் பலகைகளைப் பிய்த்தான். பசை சுண்ணாம்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. சுவரெல்லாம் சொறி பிடித்த மாதிரி ஆனது. அவன் அழுதுகொண்டே பூசினான். இளம்பச்சை அடித்தான். ஆண்டவர் படம் கீழே வந்தது. சுங்கை வே பக்கம் யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதே மாதிரி ஒரு வயர் நாற்காலியும் வாங்கி வந்தான்.

அவரைக் கையைப் பிடித்து மாடியிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தோம். நான் மாதாவை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் நின்று சுவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நல்ல பெயின்டு. யாரு வீடு இது?"

மகன் வெளியே போய்விட்டான். அவன் அதற்குப் பிறகு ஹாலில் உட்காருவதே இல்லை. அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

இப்போது எங்களுக்கு வாரம் முழுக்க ஒரே மாதிரிதான் போகிறது. காலையில் சாதுவாக இருப்பார். வெயில் இறங்கினதும் கேட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். போன மாதம் ஒரு சாயங்காலம் நான் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு, மரியாதையாக என் எதிரே வந்து நின்றார்.

"அக்கா, நான் பொறப்படுறேன். ரொம்ப தொந்தரவு கொடுத்துட்டேன்."

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"என்னங்க..." என்றேன். அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். முகத்தில் கூச்சம். முன்பின் தெரியாத பொம்பளை உரிமையோடு கூப்பிட்டால் ஆம்பளைக்கு வருகிற கூச்சம்.

"வீட்ல அவ தனியா இருப்பாக்கா. ஆள் வந்து கூப்பிட்டாகூட கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குவா. வாய் தொறந்து பேச மாட்டா. நான் போனாதான் சாப்பிடுவா."

இத்தனை வருசத்தில் என்னைப் பற்றி அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் இந்த மாதிரிதான் அது என் காதில் விழுந்தது.

நான் இன்னார் என்று சொல்லிப் பார்க்கலாம். கல்யாண போட்டோவைக் காட்டலாம். இது நம் வீடு என்று நம்ப வைக்க முன்னே ஒரு தடவை அதைக் காட்டியிருக்கிறேன், பயந்துபோய்ச் சத்தம் போட்டிருக்கிறார். கேட் பூட்டியிருக்கிறது, சாவி மகனிடம். விட்டால் கேட்டை ஆட்டிக்கொண்டு நிற்பார், பசியோடு, இருட்டும்வரை. அவரை உட்கார வைக்க ஒரு வழிதான் இருந்தது. கட்டின புருசனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஆண்டவரே மன்னியும் என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னேன்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே."

"அப்படிங்களா?" என்றார். உட்கார்ந்தார். சோறு போட்டேன், சாப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.