தாய்மாமன் இறுதி

போன ஞாயிறு காலை, கொட்டாம்பட்டி மண்டப வாசலில் எனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். போட்டோ நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். வரவேற்பு பேனரை நானே டிசைன் செய்து, எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் வைத்திருந்தேன். 'தாய்மாமன் புதுசு', 'தாய்மாமன் ரொம்பப் புதுசு', 'தாய்மாமன் கடைசி'... திருத்தித் திருத்தி, முடிவாக 'தாய்மாமன் இறுதி'. தங்கை வீட்டுக்காரர் அந்தப் பென்டிரைவை மண்டபத்துக்கு எதிரே இருக்கும் பிளக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

கடைக்காரருக்குப் போன் அடித்தேன்.

"யாருண்ணே பேசுறது?"

"தாய்மாமன்."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்து, மறுபடி எடுக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே... பைல் பேரே இறுதின்னு இருந்துச்சா... பாவம், காதுகுத்து நேரத்துல போய்ட்டாருபோலன்னு நாந்தான் வாசகத்த மாத்துனேன். மனசு கேக்காம ரெண்டு குத்துவிளக்கும் சேத்துருக்கேன்."

"மத்த பைலெல்லாம் எங்க?"

"ஒரே ஆளு அம்புட்டு பைல்ல இருந்தாரு. போனவருக்கு எதுக்குன்னு அழிச்சுட்டேன்."

'பேக்கப்' என்று தனி போல்டர் வைத்திருந்தேனே? வைத்திருந்தேன் - அதே பென்டிரைவில்! வீட்டைப் பூட்டி, மாற்றுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டு வருகிற ஆள் நான்.

அதற்குள் பந்தலில் பஞ்சாயத்து கூடிவிட்டது. "நல்ல பேனர் ஏறாம பிள்ளைய இவன் மடியில வைக்கக் கூடாது" என்றார் ஒரு பெரியவர். என்னை நேருக்கு நேர் பார்த்துத்தான் சொன்னார். தங்கை அழுதுவிட்டாள். அந்தக் குட்டி உட்கார வேண்டிய மடி அல்லவா இது?

காப்பாற்றியது சோழவந்தான் சித்தப்பா. வாட்ஸப்பில் வருகிற குட்மார்னிங் பூவைக்கூட அழிக்காத மனிதர். வந்ததையெல்லாம் அன்றன்றே அழித்துவிடும் நான், அவரை எத்தனை முறை கேலி செய்திருப்பேன்!

"உன் பேனர் டிசைன நீ குரூப்ல பெருமையா போட்டியேடா... இந்தா இருக்கு."

கொஞ்சம் மங்கலாக அச்சாகி, புது பேனர் ஏறியது. குட்டி என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதாள்.

ஆகவே மக்களே, பைல் பெயரில் தேதியைப் போடுங்கள். 'இறுதி' வேண்டவே வேண்டாம். ஒரு காப்பி வேறு இடத்தில், வேறு ஆளிடம் இருக்கட்டும்.

சாப்பாட்டுப் பந்தியில் கடைக்காரர் தயங்கியபடி வந்தார். "அண்ணே, அந்த அஞ்சலி பைல அழிச்சுரவா?"

நான் வாய் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"இருக்கட்டும்ணே... பேக்கப்!"