ஒரே பெயரில் இரண்டு பாட்டில்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, நாசிக்கில் திராட்சைத் தோட்டம், கடைசியாக வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை லைன். கான்ட்ராக்ட் முடிந்து அங்கிருந்து அனுப்பியதும் ஒரகடத்தில் ஒரு ஹோட்டல் பாரில் ஸ்டூவர்டாகச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். அது முடிய நான்கு நாள் இருந்தபோது இது நடந்தது.

பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் பொருத்த வந்து ஹோட்டலில் தங்கியிருந்த ஜெர்மன்கார அம்மா ஒருவர் சாயங்காலம் ஷார்டனே கேட்பார். வெள்ளை வைன் செய்யும் திராட்சை அது. அன்று இரண்டாவது கிளாஸ் ஊற்றும்போது பாதியில் பாட்டில் காலி. பக்கத்தில் வேறு கம்பெனி பாட்டில், அதிலும் ஷார்டனே என்றே போட்டிருந்தது. மீதியை அதிலிருந்து ஊற்றினேன். லைனில் பார்ட் நம்பர் ஒரே நம்பராக இருந்தால் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் ஒன்றுதான். அந்தப் பழக்கம்.

ஒரு வாய் குடித்தவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். ஸ்டூவர்டுகளுக்கு மேலே இருக்கும் கேப்டன் தயாளன் என்னை ஓரமாக இழுத்தார். பென்னலூர்க்காரர்.

"இன்னாய்யா ஊத்துன? வேற மாரி கீதுன்றாங்க."

"ரெண்டும் ஷார்டனேதானேன்னு கலந்துட்டேன் சார்."

"கலந்தியா? இன்னா, டீக்கடைன்னு நெனச்சிக்கினியா? பாட்டில் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். மேனேஜருக்குத் தெரிஞ்சா உன்ன அனுப்பிடுவாரு."

நல்ல சரக்கை ரிஜெக்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேராகப் போய், தெரிந்த இங்கிலீஷில் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். இரண்டு வகையையும் தனித்தனிக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, என்னையே மோந்து பார்க்கச் சொன்னார்.

முதலாவதில் வெண்ணெய் உருக்கும் வாசனை, பழுத்த அன்னாசி, கொஞ்சம் வெனிலா. இரண்டாவதில் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும்.

"அது ஓக் மரப் பீப்பாய்ல வெச்சது," என்றார் கேப்டன். "இது ஸ்டீல் டேங்க்ல செஞ்சது, குளிர்ற ஊருப் பழம்."

"பழம் ஒண்ணு, புராசஸ் வேறயா சார்?"

"இப்பதான்யா பேக்டரிக்காரன் மாரி பேசுற."

லைனில் முடுக்கிய போல்ட்டுக்கெல்லாம் கலரில் குறி வைப்போம். மறுநாள் அதேபோல் வெண்ணெய் வகைக்கு மஞ்சள் ஸ்டிக்கர், எலுமிச்சை வகைக்குப் பச்சை ஒட்டினேன். மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார்.

"கலந்தது நீதான?"

"ஆமா சார்."

"ஸ்டிக்கர்?"

"நான்தான் சார்."

"மத்த பாட்டிலுக்கும் ஒட்டு."

எங்கேயும் ஒரு வருஷம் தாண்டாத நான் இங்கே நான்காவது வருஷத்தில் இருக்கிறேன். பாரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஷார்டனே கேட்டால் உடனே ஊற்றாதீர்கள். வெண்ணெயா, எலுமிச்சையா என்று கேளுங்கள். தெரியாது என்பவர்களுக்கு இரண்டிலும் ஒரு வாய் கொடுங்கள், தனித்தனிக் கிளாஸில்.