மரங்கள் இல்லாத இடத்தில் முல்லையை நடக்கவைத்தவர்

பெங்களூரில் லாரியிலிருந்து எங்கள் குதிரை முல்லையை இறக்கிக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் போன் வந்தது. "தம்பி, அவிய போயிட்டாவ" என்றார். அவருடைய கணவர், எங்கள் குதிரைப் பயிற்சியாளர் சேவியர் அண்ணன், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். மறுநாள் காலை போட்டி. உடனே திரும்புகிறேன் என்றேன். "வேண்டாம். குதிரைய ஓட்டிட்டு வா. இல்லன்னா அவிய என்னயத்தான் ஏசுவாவ" என்றார்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடற்கரை ஊரில் பிறந்தவர். ஆனால் வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பார். வளைகுடாவில் ஒரு குதிரை லாயத்தில் பல வருடம் வேலை பார்த்து, டிரெஸ்ஸாஜ் பழக்கக் கற்றுத் திரும்பினார். அருமனையில் ரப்பர் தோட்ட முதலாளி ஒருவர் முல்லையை வாங்கி, பழக்க அவரையும் ஓட்ட என்னையும் அமர்த்தினார். டிரெஸ்ஸாஜ் ஓட்டப்பந்தயம் அல்ல. ஓட்டுபவரின் கால் அசைவுக்கும் கடிவாளத்துக்கும் கட்டுப்பட்டு, குதிரை நேராக நடந்து, வளைந்து, நின்று காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். இதை மார்த்தாண்டத்தில் விளக்கினால், "எல்லாம் சரி, கல்யாணத்துக்குக் குதிர வருமா?" என்பார்கள். "மாப்பிள நேரா உக்காந்தா வரும்" என்பார் அண்ணன்.

எங்களுக்கு மைதானம் இல்லை. ரப்பர் மரங்கள்தான் வரிசை பிசகாமல் நிற்கின்றனவே என்று அவற்றுக்கு நடுவிலேயே பழக்கினார். மரத்துக்கு மரம் நான் வளைத்து ஓட்டுவேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு மார்க் போடுவார். வாராவாரம் செல்போனில் படம் பிடித்து, முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவோம். நாலு ஐந்தானது, ஐந்து ஏழானது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் போட்டியில் மானம் போயிற்று. திறந்த மணல்வெளி, பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. முல்லை பாதியில் நின்று திருதிருவென விழித்தது. மூன்று, நாலுக்கு மேல் மார்க் வரவில்லை. அடுத்த முறை பாதி மார்க்காவது எடுக்காவிட்டால் விற்றுவிடுவேன் என்றார் முதலாளி. விலைக்குக் கேட்டு வந்தவர் கடற்கரையில் நாள் முழுக்கக் குதிரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்றுபவர். குதிரை மிரண்டுவிட்டது என்று நான் சமாளிக்கப் பார்த்தேன். அண்ணன் விடவில்லை.

"மிரளல்ல முதலாளி. அது இத்தன நாளும் மரத்தப் பாத்து வளைஞ்சிருக்கு, இவனுக்க காலு சொல்லி வளையல்ல. நான் கவனிக்கல்ல. எனக்க தப்பு."

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "எதுக்கு அண்ணே நீங்களே போய் மாட்டினிய?"

"நோவு எங்கன்னு சொல்லாம மருந்து கேக்க முடியுமாடே?"

அதுவரை போட்ட மார்க் அத்தனையையும் குறுக்கே கோடிழுத்து அடித்தார். ஒரு பள்ளிக்கூட மைதானத்தைக் காலையில் மட்டும் கேட்டு வாங்கினார். மறுபடி மூன்றிலிருந்து தொடங்கினோம். ஐந்தைத் தொடும் நேரத்தில் அவருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நான் அனுப்பும் படத்தைப் பார்த்துவிட்டு, "வலது காலக் கூடுதலா அமுக்குத மக்கா, கொஞ்சம் விடு" என்று குரல் அனுப்புவார். மூச்சு வாங்கும். ஆனாலும் மார்க் சொல்லாமல் விடமாட்டார்.

போட்டியன்று அழுதுகொண்டேதான் ஏறினேன். முல்லை நேராகப் போனது, சொன்ன இடத்தில் வளைந்தது, நின்றது. ஆகா ஓகோ என்றெல்லாம் இல்லை; பாதிக்குச் சற்று மேலே. முதலாளிக்குப் போன் செய்தேன். "சரி, நம்மகிட்டயே நிக்கட்டும்" என்றார்.

நான் ஊர் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆறாது. கல்லறைத் தோட்டத்தில் அக்கா தனியாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "முல்லைய வித்துருவாவளா?" என்று கேட்டார்.

"இல்ல அக்கா."

போய் வாருங்கள் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அந்த ஈரமண் பக்கம் குனிந்து, அடுத்த அறையில் இருப்பவரிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்.

"கேட்டியளா? விக்கல்லியாம்."