மஞ்சள் பூசிய தண்ணீர்

நேற்று திருப்பதியிலிருந்து சத்தியவேட்டுக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு அம்மாள் மடியிலிருந்த பையிலிருந்து சென்னாக்கூனி வாசனை கிளம்பியது. அதாங்க, காயவைத்த பொடி இறால். பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஜன்னலோ இறுகிக் கிடந்தது; நெட்டித் தள்ளியும் நகரவில்லை. எனக்கு மட்டும் வாயில் எச்சில் ஊறியது, அடுத்த நிமிஷமே பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

சில வருஷத்துக்கு முன் நான் சேர்ந்த முதல் வேலை, கடலோரத்துக்கு வரைபடம் போடுவது. எங்கே வீடு, எங்கே படகுத்துறை, எங்கே அலையாத்தி மரம், எங்கே ரோடு வரலாம் என்று கரையையும் தண்ணீரையும் சேர்த்தே திட்டமிடப் போகிறார்களாம். அதற்கு அளக்கிற கான்ட்ராக்ட் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கழுத்தில் அடையாள அட்டை, தலையில் தொப்பி, நடையில் கலெக்டர் தோரணை. அனுப்பியதோ கத்திரி வெயிலில், தடா பக்கம் பழவேற்காட்டு ஏரிக்கு. ஏரி வற்றி, வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது.

வழிகாட்ட வந்தவர் வேணியக்கா. கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்.

"மழ பெஞ்சா இங்க முட்டியளவு தண்ணி பாப்பா. இதுலதான் எறா தடவிக்கினு பொழைக்கிறோம்."

நோட்டில் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது ஒரு பொட்டலம் சென்னாக்கூனி கொடுத்தார். திருப்பதியில் என் வீட்டுக்காரம்மாள் முட்டை ஓட்டைக்கூடக் கண்ணால் பார்க்கப் பொறுக்காதவர். துணிக்கு நடுவில் ஒளித்துவைத்தேன். ஒரு மாசம் என் சுடிதாரெல்லாம் இறால் வாசனை.

ஆபீசில் சார் நோட்டைப் புரட்டவே இல்லை. "எண்டிபோயிந்தி கதா? எல்லோ பெட்டு," என்றார். காய்ந்துதானே கிடக்கிறது, மஞ்சள் போடு என்கிறார். மஞ்சள் என்றால் காலி நிலம். "சார், மழைக்கு..." என்று இழுத்தேன். அந்த வாரம்தான் என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஞாபகப்படுத்தினார். போட்டேன்.

பிறகு கிராமத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பந்தல் காலில் வரைபடம் தொங்கியது. தமிழில் எடுத்துச் சொல்ல மைக் என் கையில். வேணியக்கா எழுந்து வந்து அந்த மஞ்சளில் விரலை வைத்தார்.

"நீ என்கூட நடந்தியே பாப்பா. இது எங்க தண்ணின்னு நீயே சொல்லு."

முன்னால் அத்தனை சனம், பின்னால் சார். "ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்கக்கா," என்றேன், மைக்கில், கணீரென்று.

"எழுதறதுக்குத்தான் நீ வந்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். பாவி நான்.

கான்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள். இன்றுவரை வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். அதே நாற்காலி, அதே பயம். போன ஐப்பசியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மஞ்சள் பூசிய இடத்தில் கிராவல் மண் கொட்டி மேடாக்கி, சுற்றிலும் கம்பி வேலி போட்டிருந்தார்கள். அடைமழையில் நனைந்துகொண்டே தேடினேன். பாதம் நனையக்கூட ஏரித் தண்ணீர் இல்லை. வேணியக்கா எங்கே போனார் என்று வேலிக் காவலாளிக்குத் தெரியவில்லை. பைக்குள் இருந்த பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். இப்போது அது சரியாகத்தான் இருக்கிறது.