வலப்பக்கத்தை அடைத்து நின்றது

ஓட்டோ கவிழ்ந்து அக்காவின் இடது முழங்கை உடைந்தபோது நான் திருகோணமலையில் மேசன்மாருக்குக் கல் சுமந்துகொண்டிருந்தேன். படிப்பை இடையில் விட்டதிலிருந்து எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை. அரியாலைக்குத் திரும்பியபோது கட்டை அவிழ்த்திருந்தார்கள். கை முழுதாக நீளவில்லை. கழகத்தின் கூடைப்பந்து அணியில் மறுபடி சேர முடியுமா என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. என்னைச் சனசமூக நிலையத்துச் சீமெந்துத் தரைக்குக் கூட்டிப்போனாள்.

முதலில் பந்தை மாறி மாறி எறிந்தோம். நெஞ்சிலிருந்து இரு கைகளாலும் அவள் தள்ளிய பந்து ஒவ்வொரு முறையும் அவளுடைய இடப்பக்கமாகச் சரிந்தது. நான் எட்டிப் பிடித்து மெதுவாகத் திருப்பி எறிந்தேன். பிறகு தன்னை மறிக்கச் சொன்னாள். வலக்கையால் ஆடுபவளுக்கு வலப்பக்கத்தைத் திறந்துவிடக் கூடாது. நான் விட்டேன். அவள் சுலபமாகக் கடந்துபோய்க் கூடையில் போட்டாள். திரும்பி வந்து பந்தால் என் வயிற்றில் இடித்தாள்.

"வருத்தக்காரியைப் பாக்க வந்தனியோடா? மறிக்கிறதெண்டால் வடிவா மறி. இல்லாட்டித் திரும்பப் பஸ் ஏறு."

வலப்பக்கத்தை அடைத்து நின்றேன். இடக்கையால் தட்டிக்கொண்டு கடக்கப் பார்த்தாள். பந்து கைக்கு அடங்காமல் ஓடியது. மறுபடியும் நிற்கச் சொன்னாள். மறுபடியும் ஓடியது. நான் தொடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"இனிச் சரிவராது, என்ன?" என்றாள்.

வீட்டில் எல்லோரும் சரிவரும் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

"ஓம் அக்கா," என்றேன்.

பந்து வேலியோரம் உருண்டு கிடந்தது. எடுக்கப் போனவன், அவள் அழுது முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றேன்.