பயத்துக்கு இடமில்லாத படிவம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் ஆசிரியை. என் குரல் இரண்டு வகுப்பு தாண்டிக் கேட்கும். அதில் எனக்குப் பெருமை.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. விடுதிச் சமையற்கட்டில் ஓயாமல் பேசுவாள். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் வாய் திறக்கமாட்டாள், பாவாடை நனைந்துவிடும். படிப்பு வராத பிள்ளைகளுக்குத் திருப்பத்தூரில் சிறப்பு வகுப்பு தொடங்கப் போவதாகச் சொல்லி, பெயர்கள் கேட்டு ஒரு படிவம் வந்தது. அவள் பெயருக்கு நேரே ‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதிவிட்டு, கைநாட்டு வாங்க அவள் அம்மாவை வரச் சொன்னேன்.

சாமை அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

“இன்னாங்க டீச்சர் எழுதிக்கீறீங்க?”

படித்துக் காட்டினேன்.

“பயம்னு எழுதுங்க டீச்சர். பயம்னா ஒரு நாளு போய்டும். நீங்க எழுதனது போவாதே.”

அப்படி எழுத இதில் இடமில்லை என்றேன், வழக்கமான என் குரலில். வாசலில் நின்றிருந்த சிறுமி இரண்டடி பின்னால் போனாள். அம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

யாரைக் கண்டு பயம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்காமல் கைநாட்டை வாங்கிக்கொண்டேன்.